தனி வந்ததும் நிறுத்திவிடு

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கான்டீன் பக்கம் போகிறவர்களைப் பற்றி மார்கழிக்கு மார்கழி யாராவது பத்திரிகையில் புலம்புவார்கள். அந்தப் புலம்பலில் சேர்ந்துகொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது. நான் எழுந்து போனவன் அல்ல. நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தபடி, மடியிலிருந்த ஜோல்னாப் பைக்குள் கையை விட்டு டேப்பை நிறுத்தியவன். எழுந்து போனவருக்கு அவர் பங்கு மிருதங்கம் மட்டும் போயிற்று. நான் நிறுத்தியது ஊருக்கே போயிற்று.

எல்லாம் சிக்கனம்தான். எண்பதுகளில் நல்ல கம்பெனியின் 90 நிமிஷக் கேசட் என்பது என்னைப் போன்ற வங்கி குமாஸ்தா யோசித்து யோசித்து வாங்குகிற சாமான். பக்கத்துக்கு 45 நிமிஷம். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு இரண்டு கேசட் போதும் என்று கணக்குச் சொல்லும். கச்சேரி கணக்குக்குக் கட்டுப்படாது. முதல் கேசட் தீருகிற நேரம் பார்த்துத்தான் பாடகர் பிரதான ராகத்தில் மேல் ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்கு முந்தைய ராகத்தில் வயலின்காரரின் முறையை விட்டுவிட்டால் ஐந்தாறு நிமிஷம் கைக்கு வரும். தனியை விட்டால் முழுசாகக் கால் மணி மிச்சம், கடைசித் துக்கடாக்களுக்கு ஆகும். அப்படி மிச்சம் பிடித்த துக்கடாக்கள் என்னிடம் அலமாரி அலமாரியாக உண்டு. அவற்றைக் கேட்டு யாரும் வந்ததில்லை. இன்றைக்கு என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லாம் மிருதங்கக்காரர் பேரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள்.

எனக்கு முன்னோடி ஒருவர் இருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. டீன் பெனடெட்டி என்று ஒரு சாக்ஸஃபோன்காரர். 1947, 48 வாக்கில் சார்லி பார்க்கர் வாசித்த கிளப்புகளுக்கெல்லாம் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்தார். பார்க்கர் வாசிக்கும்போது மெஷின் ஓடும். கூட இருப்பவர் வாசிக்கத் தொடங்கினால் நின்றுவிடும். 1990-ல் அந்தத் துண்டு துணுக்குகளையெல்லாம் சேர்த்து ஒரு பெட்டியாகவே வெளியிட்டார்கள். இதைப் படித்தபோது காணாமல் போன அண்ணன் கிடைத்த மாதிரி இருந்தது. அவருக்கு பார்க்கர்மேல் இருந்தது பைத்தியம். எனக்கு இருந்தது கேசட் விலை. மற்றபடி இரண்டு பேரும் ஒன்றுதான்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு பெரிய நியாயம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். கிராமஃபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான். தோடியை அதற்குள் மடக்கிப் போட வேண்டும். அரியக்குடி எப்படி ஒரு மேடையை மூன்று மணி நேரம் நடத்தினார், ஜி.என்.பி. ஒரு ராகத்தை எத்தனை தூரம் இழுத்துக்கொண்டு போய்த் திரும்பி வருவார் என்பதெல்லாம் தட்டில் இல்லை. யாரோ ஒருவர் கல்யாணப் பந்தலிலோ சபாவிலோ ஸ்பூல் மெஷின் வைத்ததாலும், இன்னொருவர் 1952-க்குப் பிறகு வானொலியின் தேசிய சங்கீத நிகழ்ச்சியை வீட்டில் ஒயர் மாட்டி இறக்கியதாலும்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1968-ல் மறைந்த மதுரை மணி ஐயருக்கு அதற்கப்புறம் பிறந்தவர்களெல்லாம் அடிமையாகக் கிடப்பதும் இப்படித்தான். காஞ்சிபுரம் நைனாப் பிள்ளை தட்டில் பாட மறுத்தவர், 1934-ல் போய்விட்டார். லயத்தில் அவரைப் போல் உண்டா என்று சிஷ்யர்கள் சொன்னதைக் கேட்டோமே தவிர, அவரைக் கேட்டவர் ஒருவரும் இன்று இல்லை. எங்கள் ஆட்களில் ஒருவன் அவர் காலத்தில் இருந்திருந்தால் என்று நாங்கள் பெருமூச்சு விடுவோம். அந்தப் பெருமூச்சு எங்கள் பைகளை மூடி மறைக்க நல்ல துண்டாக உதவிற்று.

என் பைக்குள் இருந்தது சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த சின்ன நேஷனல் டேப் ரெக்கார்டர். பையின் ஓரத்தில் தையலைப் பிரித்து மைக்குக்கு ஒரு வாசல் வைத்திருந்தேன். டேப் தீர்ந்ததும் பட்டன் தானாக எகிறும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். அதை அமுக்க மெஷினைச் சுற்றி ஒரு கைத்துண்டு. துண்டு சத்தத்தை அமுக்கியது உண்மை. மைக்கின் வாயையும் சேர்த்து அமுக்கியது. முதல் சில கச்சேரிகளில் எனக்குக் கிடைத்தது, பக்கத்து வீட்டு மாடியில் யாரோ நன்றாகப் பாடுகிறார்கள் என்கிற செய்தி மட்டும்.

துண்டை விலக்கிய பிறகு எல்லாம் கேட்டது. பக்கத்து நாற்காலிப் பெரியவர் மோதிரக் கையால் நாற்காலிக் கட்டையில் போட்ட ஆதி தாளம். பின்வரிசையில் ஒரு மாமி முறுக்குப் பொட்டலத்தை, சத்தம் வராமல் பிரிக்க வேண்டும் என்கிற நல்லெண்ணத்தோடு, ஒரு முழுக் கீர்த்தனை நேரமும் பிரித்துக்கொண்டிருந்தது. பிறகு என் குரல். நான் ரசிக்கும்போது 'ஆஹா' சொல்வேன் என்பது எனக்கே தெரியாது. சங்கதி முடிகிற இடத்தில் சொல்ல வேண்டியதை முடிவதற்கு முன்னால் சொல்லியிருந்தேன். பாடகர் அடுத்து எங்கே போகப் போகிறார் என்று தெரிந்தவன் மாதிரி சொன்ன ஆஹா. அவர் அங்கே போகவே இல்லை.

எல்லாவற்றையும் விட மோசம் ஒரு மூன்றெழுத்து. ஒரு கச்சேரியில் ராகம் ஆரம்பித்த அரை நிமிஷத்தில் நான் பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுப்பாக, ஆனால் மைக்குக்கு மேலே குனிந்து, "நாயகி" என்கிறேன். பாடகர் இன்னும் கொஞ்சம் பாடுகிறார். கீர்த்தனையை எடுக்கிறார். தர்பார். நாயகிக்கும் தர்பாருக்கும் தடுமாறாத ரசிகன் இல்லை, அதில் வெட்கம் இல்லை. ஆனால் மற்றவர்கள் தடுமாறியதற்குச் சாட்சி கிடையாது. என்னுடையது கேசட்டில் ஏறி, காப்பி காப்பியாகப் போய், சேகரிப்பாளர் வட்டாரத்தில் அதற்குப் பேரே 'நாயகி கேசட்' என்று ஆகிவிட்டது. "அந்த தர்பார் இருக்கா?" என்று கேட்பவரிடம், "எது, நாயகி தர்பாரா?" என்று கேட்பார்கள்.

அந்த வட்டாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே காசு புழங்காது. காசு கொடுக்கிறேன் என்றால் எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள். ஒன்றுக்கு ஒன்று பண்டமாற்று. அபூர்வமான ஒன்றுக்குச் சாதாரணம் மூன்று. புதிதாக வருகிறவன் முதலில் தன்னிடம் இருப்பதை எழுதிய நோட்டைக் காட்ட வேண்டும். என் நோட்டைப் பார்த்த ஒரு ரயில்வே மாமா, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, "துக்கடாவா இருக்கே ஓய்" என்றார். ரிடையராகி மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தவர். ஸ்பூல்களை இரும்பு பீரோவில் பூட்டி வைத்திருப்பார். பீரோவின் மேல் தட்டில் வீட்டுப் பத்திரமும் மாமியின் நகையும் இருந்தன. சாவி இடுப்பில் இருந்தது நகைக்காக இல்லை.

அவரிடம் ஐம்பதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் நடந்த கச்சேரி இருந்தது. யார் பாடியது என்று நான் சொல்லப் போவதில்லை, அது அந்த நாள் பழக்கதோஷம். மாதக்கணக்கில் அவர் வீட்டுக்கு நடந்து, ரேஷனில் சர்க்கரை வாங்கிக் கொடுத்து, மின்சார பில் கட்டிக் கொடுத்து, ஒருநாள் அதை வாங்கினேன். கொடுக்கும்போது, "வெளியே போகப்படாது" என்றார். கற்பூரம்தான் ஏற்றவில்லை.

வாங்கிய மூன்றாவது மாதம் என் கிளைக்குப் புதிதாக வந்த மேனேஜர் சங்கீதப் பிரியர் என்று தெரிந்தது. நான் என்ன பெரிய ஆள் என்று அவருக்குக் காட்ட ஒரே ஒரு வழிதான் இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு நானும், "வெளியே போகக் கூடாது சார்" என்றேன். அவரும் யாரிடமோ அதையே சொல்லியிருப்பார். அந்தக் கச்சேரி போன வீடெல்லாம் அந்த வாக்கியத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

சில வருஷம் கழித்து பம்பாயிலிருந்து ஒரு பெரிய சேகரிப்பாளர் மாமாவுக்குக் கடிதம் போட்டார்: தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணக் கச்சேரி ஒன்று, எங்கும் இல்லாதது, தம்மிடம் இருப்பதாகவும், மாற்றாக இரண்டு கொடுத்தால் தருவதாகவும். மாமா இன்னொரு கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு அபூர்வங்களைத் தூக்கிக் கொடுத்தார். வந்ததைப் போட்டுக் கேட்டார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கேசட்டை ஓடவிட்டு, ஒரு கீர்த்தனையில் பல்லவி முடிந்து அனுபல்லவி ஒரு தடவை வந்து நேராகச் சரணத்துக்குப் போனதும் நிறுத்தினார்.

"இங்க அனுபல்லவி ரெண்டாந்தரம் இருக்கணும். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு எடத்துல கொஞ்சம் வெட்டித்தான் குடுத்தேன். இது உம்ம வெட்டு."

நான் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். காபி யாரும் கொடுக்கவில்லை என்பது தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது.

மாமா போய்ச் சேர்ந்தபோது நான் போகவில்லை, துணிச்சல் இல்லை. ஸ்பூல்கள் என்ன ஆயின என்று பிறகு விசாரித்தேன். மெட்ராஸ் புழுக்கத்தில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்ததாம். பையன் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டைக் காலி செய்தபோது பீரோவை மட்டும் விற்றுவிட்டு உள்ளே இருந்ததைப் பழைய சாமான்காரரிடம் சும்மா கொடுத்தான். ஆக, அந்தக் கல்யாணக் கச்சேரி இன்று எங்கே கேட்டாலும் நான் துரோகம் செய்து வெளியே விட்ட காப்பியின் பேரப்பிள்ளைதான். சங்கீதத்தைக் காப்பாற்றினேன் என்று மார்தட்டலாம். ஆனால் நான் கொடுத்தது சங்கீதத்துக்காக இல்லை, மேனேஜர் என்னை ஒரு தடவை உட்காரச் சொல்ல வேண்டும் என்பதற்காக. சொன்னார். அதோடு சரி, பிரமோஷனில் என் பேர் இல்லை.

இதில் இன்னொரு கூத்து. சமீபத்தில் ஒரு லெக்சர் டெமான்ஸ்ட்ரேஷனில் ஒரு கெட்டிக்கார இளைஞர் அந்த வித்வானின் பாணியை அலசினார். இந்தக் கச்சேரியைப் போட்டுக் காட்டி, அனுபல்லவியைத் திருப்பாமல் சரணத்துக்குத் தாவுகிற இந்தத் துணிச்சல் அவருக்கே உரியது என்று விளக்கினார். சபையில் தலைகள் ஆடின. நான் பின்வரிசையில் இருந்தேன். கையைத் தூக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

சபாவுக்குள் இதைவிடப் பெரிய ஜாதி ஒன்று உண்டு. நாங்கள் பையோடு கீழே உட்கார்ந்தவர்கள். அவர்கள் மைக் செட்காரரோடு பழக்கம் உள்ளவர்கள். மிக்சரிலிருந்து நேராக ஒயர் எடுப்பார்கள். அவர்கள் கேசட்டில் முறுக்கு கிடையாது, மோதிரம் கிடையாது, தம்பூரா காதுக்குள் ரீங்காரம் போடும். நாங்கள் அவர்களைக் குறை சொல்வோம்: "ஹாலே இல்லையே அதுல, உயிர் எங்க இருக்கு?" வீட்டுக்குப் போய் அவர்களுடையதைத்தான் கேட்போம். உள்ளே இருப்பவனுக்குக் கிடைக்கிற சௌகரியம் பழைய கதைதான். 1901 முதல் 1903 வரை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவில் மெழுகு உருளைகளில் பாட்டைப் பிடித்தவர் வெளியாள் இல்லை, அந்த அரங்கத்தின் நூலகரான லயனல் மேபிள்சன். மேடைக்கு மேலே நடைபாலத்தில் கருவியை வைத்துக்கொண்டு நின்றார். வெளியாளுக்கு அந்த ஏணி எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. நம் ஊரிலும் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஜார்ஜ் டவுன் வீட்டில் வாசித்தபோது, அந்தச் சின்ன இடத்தில் யார் உட்கார முடிந்தது, யார் அந்தத் தெருவோடு போனார்கள் என்று எழுதினால் அதுவே ஒரு சமூக வரலாறாகும்.

நானும் ஏணி தேடினேன். ஒரு சபாவின் மைக் செட்காரரை கான்டீனில் அடை அவியல், அப்புறம் ஒரு ரவா தோசை, நாலு நாள் கழித்து மறுபடி அடை என்று கவனித்தேன். ஐந்தாம் தேதி வாக்கில் மனம் இளகி, "நாளைக்குக் கொண்டாங்க சார், மிக்சர்லேர்ந்து ஒரு லைன் தர்றேன்" என்றார். மறுநாள் பெரிய வித்வானின் கச்சேரி. ஒயரை மாட்டினேன். பட்டனை அழுத்தினேன். பையைக் காவல் காக்கும் வேலை இல்லாமல் ஒரு கச்சேரியை முழுசாகக் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முன்வரிசை ஓரத்தில், கைகள் இரண்டும் காலியாக, தாளம் போட்டுக்கொண்டு கேட்டேன். காலியாக இருந்ததால் தாளம் தப்பியதும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து போட்டால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். மிக்சரிலிருந்து வருவது பலமான மின் அலை. என் மெஷினில் இருந்த ஓட்டை மைக்குக்கு உரியது, மெல்லிய அலைக்காகச் செய்தது. இரண்டையும் நேராக இணைத்தால் எல்லாம் உடைந்து கரகரப்பாகத்தான் வரும். ரேடியோ ரிப்பேர்ப் பையன் இதை எனக்கு விளக்கிவிட்டு, "நடுவுல ஒரு ரெசிஸ்டர் போட்டிருந்தா போதும் சார், ரெண்டு ரூபா" என்றான். அடைக்கும் தோசைக்கும் ஆன செலவை அவனிடம் சொல்லவில்லை.

மைக் செட் வழியாக ஆகவில்லை என்றதும் கிரீன் ரூமைப் பிடித்தேன். அங்கே போக வர உரிமை உள்ளவர்கள் 'மாமா', 'அண்ணா', 'மன்னி' என்று கூப்பிட்டுக்கொண்டே நுழைவார்கள். கதவும் வழிவிடும். எனக்கு வாயில் வந்தது 'சார்'. சார் என்பவனைக் கதவிலேயே நிறுத்தி, என்ன விஷயம் என்று கேட்பார்கள். ஒரு தடவை தம்பூரா உறையைத் தூக்கிக்கொண்டு போகிற பையனுக்கு ஒத்தாசை செய்கிற மாதிரி அதன் மறுமுனையைப் பிடித்து உள்ளே போய்விட்டேன். வித்வான் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்து, வாய் திறந்து, "கார் வந்தாச்சா?" என்றார். ஓடினேன். டி.டி.கே. சாலை வரைக்கும் போய்ப் பார்த்தேன். எந்தக் கார் என்று கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டார். இதற்குப் பிறகு பல வருஷம் நான் சொன்னது: "கச்சேரி முடிஞ்சு அவர் என்கிட்ட பேசிண்டிருந்தார்."

சிரிப்பாகச் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. இன்னொரு வித்வான், பெரிய குரல்காரர், நடுத்தர சபா ஒன்றில் பாட வந்தார். சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போதே இருமினார். பிறகு சபையைப் பார்த்து, மிகவும் மரியாதையாகவே, "மூணாவது வரிசையில பைக்குள்ள சிவப்பா என்னமோ எரியறதே, அதை அணைச்சுடுங்கோ. இன்னிக்குத் தொண்டை சரியில்லை" என்றார். மூன்றாவது வரிசையை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த நானும் யார் அந்த ஆள் என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு அதைப் பைக்குள் போட்டேன், விளக்கின் மேல். டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு அவர் பஞ்சமத்துக்கு மேலே போகப் பயந்து பயந்து பாடினார். இரண்டு இடத்தில் குரல் பிசிறியது. ஒரு கீர்த்தனையைப் பாதியில் சுருக்கினார். நல்ல கலைஞர் என்பதால் அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார். அதை ரசிக்கவும் ஒரு பக்குவம் வேண்டும், அது எனக்கு அன்று இல்லை. "அவர் வேண்டாம்னு சொல்லியும் எடுத்தது" என்கிற கிரீடத்தோடு அந்தக் கேசட்டை ஊரெல்லாம் கொடுத்தேன். எடுக்க முடியாததை எடுத்தவனுக்கு எங்கள் வட்டாரத்தில் மதிப்பு ஜாஸ்தி. அவருடைய நல்ல கச்சேரிகள் எத்தனையோ இருந்தன. என் மெஷின் சதி செய்ததும், தனிக்கு நிறுத்தி மறுபடி போட மறந்ததும், கேசட் சிக்கிப் பென்சிலால் சுற்றியதும் போக, முழுசாக, தனியோடுகூட, நின்றது இது ஒன்றுதான். விளக்கின் மேல் கைக்குட்டை இருந்ததால் கையை விட்டு நிறுத்தப் பயந்துவிட்டேன். அதனால் தனியும் தப்பித்தது.

இப்போது கேட்கிற பிள்ளைகள், "அவருக்கு மேல் ஸ்தாயி கொஞ்சம் கஷ்டம்தான் போலிருக்கு" என்கிறார்கள். வித்வான்கள் ஏன் ரெக்கார்டர் என்றால் முகம் சுளித்தார்கள் என்று பல வருஷம் எனக்குப் புரியாமல் இருந்தது. காசுக்காக, கர்வம் என்றெல்லாம் நாங்கள் பேசியிருக்கிறோம். ஒருநாள் தொண்டை கட்டினால் மறுநாள் சரியாகிவிடும் என்கிற சாதாரண உரிமையை அவரிடமிருந்து நான் எடுத்துவிட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ரிடையரான பிறகு உட்கார்ந்து படித்தேன். 1957-ன் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுகிறவருக்கு என்று தனி உரிமை 1994 திருத்தத்தில்தான் வந்தது. முதலில் 25 வருஷம், 1999-ல் அதை 50 ஆக்கினார்கள். அதே சட்டத்தில், ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்துகொள்வது மீறல் ஆகாது என்றும் இருக்கிறது. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகுதான் யோசித்தேன். ஊருக்குக் காப்பி கொடுத்தேன், அது அனுமதி இல்லாதது. பண்டமாற்று செய்தேன், அதுவும் அப்படியே. நானே போட்டுக் கேட்பது ஒன்றுதான் எனக்கு அனுமதிக்கப்பட்டது. அதை நான் அநேகமாகச் செய்யவே இல்லை. எடுத்து, காப்பி போட்டு, லேபிள் ஒட்டி அலமாரியில் வைப்பதற்கே நேரம் சரியாக இருந்தது. லேபிளும் லட்சணமில்லை. ஒரு பழைய கச்சேரிக்கு வருஷம் தெரியாமல் '1958?' என்று எழுதினேன். அடுத்த காப்பியில் லேபிள் சின்னது, கேள்விக்குறிக்கு இடம் இல்லை. இன்று அது 1958-ஆம் ஆண்டுக் கச்சேரி.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்கிற கோஷ்டி 1984-ல் பதிவு செய்கிறவர்களுக்கென்று அரங்கத்தில் தனி இடமே ஒதுக்கியது; விற்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. எங்கள் சண்டைக்கு முந்தைய நல்ல நாள் ஒன்றில் இதை ரயில்வே மாமாவிடம் வியந்து சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எல்லாருக்கும் குடுத்துட்டா அதுல என்ன ஓய் இருக்கு?" என்றார். அப்போது சிரித்தேன். மியூசிக் அகாடமியில் இப்போது பழைய கச்சேரிகளைத் திரையைத் தொட்டுத் தேர்ந்தெடுத்துக் கேட்க ஏற்பாடு இருக்கிறது. ஒருநாள் போனேன். பீரோவும் இல்லை, இடுப்புச் சாவியும் இல்லை. கேட்டுக்கொண்டே இருக்கும்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து நாற்காலியில் காதொலிப்பானோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண்ணும் அதையே கேட்க முடியும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2020 டிசம்பரில் கொரோனாவால் சீசனே கம்ப்யூட்டருக்குள் வந்தபோது வீட்டில் சாய்வு நாற்காலியில் இருந்து பார்த்தேன். பையும் வேண்டாம், துண்டும் வேண்டாம். தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போனேன், குக்கரை அணைக்க. மறு வருஷங்களில் சபா திறந்ததும், அலைபேசியில் பதிவு செய்யக் கூடாது என்று மேடையில் அறிவிக்கிறார்கள், அறிவித்துக்கொண்டிருக்கும்போதே பத்துப் பேர் கையைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். ஒளிவு மறைவே இல்லை. முன்னாள் திருடன் என்ற முறையில் எனக்கு இது பிடிக்கவில்லை. கொஞ்சம் கூச்சம் வேண்டாமா?

போன மார்கழிக்கு முன்னால் ஒரு போன் வந்தது. தொண்டை சரியில்லாமல் பாடினாரே, அந்த வித்வானின் பேத்தி. தாத்தா பாடியதைத் திரட்டிக்கொண்டிருக்கிறாளாம். "உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க சார்" என்றாள். இருக்கிறது என்று சொன்ன கையோடு, யோசிக்கவே யோசிக்காமல், நாற்பது வருஷப் பழக்கம் வாயைத் திறந்தது:

"உங்ககிட்ட என்னம்மா இருக்கு?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எங்ககிட்ட ஒண்ணுமே இல்லை சார். தாத்தா தன் பாட்டை வெச்சுக்கவே மாட்டார்."

நான் அவசரமாக, அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், சும்மா கேட்டேன் என்று மழுப்பி, கேசட்டைக் கொரியரில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் மறுபடி போன். நன்றி சொன்னாள். பாட்டியும் சேர்ந்து கேட்டாளாம். முதல் கீர்த்தனையிலேயே, "அன்னிக்கு அவருக்கு நல்ல ஜுரம்" என்று நினைவு வந்து சொன்னாளாம். பேத்தி தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"சார், பாட்டி சொல்லச் சொன்னாங்க. இது வேற யாருக்கும் போகாம பார்த்துக்கறீங்களா?"

எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எனக்கே கணக்கில்லை. என்னிடமிருந்து வாங்கியவர்களில் பாதிப்பேர் உயிரோடு இல்லை, அவர்களிடமிருந்து வாங்கியவர்களின் பேர் எனக்குத் தெரியாது. அவள் வேறெங்காவது தேடினாலே ஐந்து நிமிஷத்தில் கிடைக்கும், இருமலோடு.

"என்கிட்டேர்ந்து போகாதும்மா" என்றேன்.

அது சத்தியம்தான். போக இனி ஒன்றும் பாக்கியில்லை.